மாத்திரையா, நடையா, பேச்சா? வேலூர் சிஸ்டரிடம் கேட்டவை

மனநல வார்டில் 24 வருடம் செவிலியராக இருந்தேன். நான் டாக்டர் இல்லை என்பதால் யாருடைய மாத்திரை அளவையும் கூட்டவோ குறைக்கவோ சொல்ல மாட்டேன். மனச்சோர்வு பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

குடியாத்தத்திலிருந்து ஒரு மகன்: சிஸ்டர், அம்மாவுக்கு 54 வயசு, பீடி சுத்துறாங்க. ஒரு வருஷமா உடம்பெல்லாம் எரிச்சல், தலைவலி. ஸ்கேன் எல்லாம் நார்மல். இப்ப மனநல டாக்டரைப் பாருங்கன்னு சொல்லிட்டாங்க. "எனக்கென்ன பைத்தியமா?"ன்னு அழறாங்க.

தம்பி, நம் ஊர்ப் பெண்கள் "மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வருவது அரிது. எரிச்சல், அசதி, வயிற்றைப் பிசைகிறது என்றுதான் வருவார்கள். அந்த வலி நிஜம். "உனக்கு ஒன்றுமில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அம்மா முன்பு ஆசையாகச் செய்தது எது, அதை இப்போது செய்கிறார்களா என்று கவனியுங்கள். கோலம், சீரியல், பேரப்பிள்ளை, எதுவாகவும் இருக்கலாம். அதில் பிடிப்பு போயிருக்கிறதா? விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து படுத்தபடி கிடக்கிறார்களா? "நான் எல்லாருக்கும் பாரம்" என்ற பேச்சு வருகிறதா? இப்படி இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்கள் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவும் இதே மாதிரி சோர்வைக் கொடுக்கும். அந்த ரத்தப் பரிசோதனைகள் எடுக்கவில்லையென்றால் டாக்டரிடம் கேளுங்கள்.

முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் 1957-ல் தொடங்கியது. நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் தங்கியிருப்பது அங்கே சிகிச்சையின் ஒரு பகுதி. பக்கத்தில் நம் ஆள் இருந்தாலே பாதி பயம் போய்விடும்.

காட்பாடி, கல்லூரி மாணவர், 21: மனச்சோர்வுக்கு செர்ட்ரலின் மாத்திரை ஆரம்பிச்சு பத்து நாள். குமட்டல்தான் மிச்சம். மனசுல மாற்றமே இல்ல. நிறுத்திடவா?

நிறுத்தாதீங்க தம்பி. இந்த வகை மாத்திரையில் தொந்தரவு முதலில் வரும், நன்மை பின்னால் வரும். அதனால்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். குமட்டல் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கும். சாப்பிட்ட பிறகு போட்டுப் பாருங்கள். மனசில் மாற்றம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்.

25 வயதுக்குக் குறைவானவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் சில வாரங்களில் படபடப்போ, சாக வேண்டும் என்ற எண்ணமோ புதிதாக வந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். அறைத் தோழர் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கட்டும். எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், காசை வாரி இறைத்து, அளவில்லாத உற்சாகத்தில் சில நாட்கள் இருந்ததுண்டா? இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அது பைபோலார் (இருதுருவ) நோயாக இருக்கலாம். அந்த நோய்க்கு மருந்து வேறு.

ஆம்பூர், ஷூ கம்பெனி சூப்பர்வைசர்: நாலு மாசமா மாத்திரை. இப்ப நல்லா இருக்கேன். வீட்ல "அடிமை ஆயிடுவே, விட்டுடு"ன்னு சொல்றாங்க.

அண்ணா, வீட்டில் இருப்பவர்கள் இதைத் தூக்க மாத்திரையோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். அல்பிரசோலம் போன்றவற்றுக்குப் பழக்கம் ஏற்படும், அந்தப் பயம் நியாயம். மனச்சோர்வு மாத்திரையில் அந்த ஏக்கம் வருவதில்லை. ஆனால் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடித்தது போன்ற உணர்வு வரும். "பார்த்தியா, அடிமையாயிட்டே" என்று சொல்லவும் அதுவே காரணமாகிவிடும். டாக்டர் சொல்லி மெல்லக் குறைத்தால் இது பெரும்பாலும் வராது, வந்தாலும் லேசாகப் போகும்.

நன்றாக ஆன பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர்வதுதான் வழக்கம். இதற்கு முன் இரண்டு மூன்று முறை வந்திருந்தால் இன்னும் நீளும். நல்லா இருக்கேன் என்று தானாக நிறுத்திவிட்டு, மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தபடி வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவராக நீங்கள் வரக்கூடாது.

சத்துவாச்சாரி, இல்லத்தரசி: எல்லாரும் "நட, நட"ங்கறாங்க. எனக்குப் பல் விளக்கவே முடியல, சிஸ்டர்.

அம்மா, உங்களை நட என்று சொல்பவர்களுக்கு இந்த நோயின் எடை தெரியாது. வாரத்துக்கு 150 நிமிடம் நடக்கச் சொல்வது சரிதான். ஆனால் அது போய்ச் சேர வேண்டிய ஊர். நீங்கள் இன்னும் வீட்டு வாசலில் நிற்கிறீர்கள்.

"மனசு வரட்டும், அப்புறம் செய்யலாம்" என்று நாம் காத்திருப்போம். இந்த நோயில் மனசு முதலில் வராது. செய்தால், பின்னாலேயே கொஞ்சமாக வரும். நாளை செருப்பைப் போட்டு கேட் வரை போய்த் திரும்புங்கள், போதும். மறுநாள் தெருமுனை. போய்வந்ததும் ஒரு நோட்டில் "போகும் முன் மனசு 2, வந்தபின் 3" என்று எழுதுங்கள். அந்த ஒரு மார்க்கை நோய் மறைத்துவிடும், நோட்டு மறைக்காது. நம் ஊர் வெயிலுக்கு காலை ஆறு மணிக்குள் போய்விடுங்கள். கொஞ்சம் தெம்பு வந்தபின் கோட்டை மைதானத்துக்கு யாரையாவது துணைக்குக் கூட்டிப் போங்கள்.

இதுவே ஒரு சிகிச்சை முறை. கோவாவில் டாக்டர் அல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறு முதல் எட்டு அமர்வுகளில் இப்படிச் சின்னச் சின்னச் செயல்களைத் தொடங்க வைத்தார்கள். நோய் கடுமையாக இருந்தவர்களுக்கே பலன் தெரிந்தது. 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் அது வெளியானது. கேட் வரை கூட முடியாத நாளில் மாத்திரை உங்களைத் தூக்கி உட்கார வைக்கும், உட்கார்ந்தபின் நடை உதவும். எது உசத்தி என்ற சண்டையே வேண்டாம்.

ஆரணி: கவுன்சலிங்னா காசு கொடுத்து அட்வைஸ் கேக்கறதா?

நல்ல ஆலோசகர் அட்வைஸ் சொல்ல மாட்டார். தம்பி போன் எடுக்கவில்லை என்றதும் "என்னை வெறுக்கிறான்" என்று மனசு முடிவு கட்டுகிறதே, அந்த இடத்தில் உங்களை நிறுத்தி, வேறு காரணம் இருக்குமா என்று நீங்களே தேடப் பழக்குவார். வீட்டுப்பாடமும் உண்டு.

அணைக்கட்டு: மருமகளுக்குக் குழந்தை பொறந்து ரெண்டு மாசம். ஓயாம அழறா. பால் கொடுக்கறதால மாத்திரை வேணாம்னு இருக்கோம்.

பெரியம்மா, தள்ளிப் போடாதீங்க. தாய்ப்பால் கொடுப்பவர்களுக்குப் பொருத்தமான மருந்துகள் இருக்கின்றன. செர்ட்ரலின் பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது. பால் கொடுக்கிறாள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் பார்த்துத் தருவார். ராத்திரி ஒரு தடவையாவது குழந்தையை நீங்கள் வாங்கிக்கொண்டு அவளை நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கவிடுங்கள். சம்பந்தமில்லாமல் பேசினாலோ, குழந்தையைப் பற்றி விபரீதமாகச் சொன்னாலோ அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

வாணியம்பாடி: தர்காவுக்குப் போய் மந்திரிச்சிட்டு வந்தோம். மாத்திரையும் போடலாமா?

தாராளமாக. பிரார்த்தனையையும் விட வேண்டாம், மாத்திரையையும் விட வேண்டாம்.

ராணிப்பேட்டை: அண்ணன் அடிக்கடி "நான் இல்லாட்டி நிம்மதி"ங்கறான். கேட்டா எண்ணத்தைத் தூண்டிவிட்ட மாதிரி ஆயிடுமோன்னு பயம். போலீஸ் கேஸ் ஆகுமோன்னும் பயம்.

கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. "அண்ணா, செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டதும் உடைந்து அழுது, யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருந்தேன் என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர். 2017 மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது. தண்டிக்காமல் சிகிச்சை தரச் சொல்கிறது. அதனால் போலீஸுக்குப் பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருக்காதீர்கள்.

ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, எலி மருந்து, மிச்ச மாத்திரைகளை வீட்டிலிருந்தே வெளியேற்றுங்கள். 14416-க்குப் போன் செய்யுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசுவார்கள். 104 என்ற சுகாதார உதவி எண்ணும் இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு எந்த நேரத்திலும் கூட்டிப் போகலாம். பதில் என்ன வந்தாலும் சரி, இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள்.