சீசன் கடைசியில பொரிச்ச ரோலர் புறா (பறக்கும்போது கர்ணம் அடிக்கிற புறா) குஞ்சுகளை இப்பவே பறக்க விடலாமா?

விடலாம், ஆனா அவசரப்படாதீங்க. பகல் குறையுற நேரத்துல பொரிச்ச குஞ்சுக்கு தாய் தகப்பன் இரை ஊட்டுற நேரமும் குறையும், அதனால சாயங்காலம் கூண்டுல கொஞ்ச நேரம் லைட் போட்டு வைங்க, பெருசுங்க திரும்ப இறங்கி ஊட்டும். தாய் தகப்பனும் அப்போ இறகு உதிர்த்துட்டு சோர்வா இருக்கும் பாவம்.

குஞ்சு தானா தின்ன ஆரம்பிச்சதும், சுமார் 5 வாரத்துல, பெருசுங்ககிட்ட இருந்து பிரிச்சு, விசில் அடிச்சா இரைக்கு உள்ள வர்ற மாதிரி பழக்கிடுங்க, இது ரொம்ப முக்கியம். பசியோட இருக்கும்போதுதான் முதல்ல வெளிய விடணும்.

குளிர் மாசத்துல வல்லூறு தொல்லை அதிகம்னா பூட்டியே வைங்க, தப்பில்ல. சில குஞ்சு கர்ணம் அடிக்கவே பல மாசம் ஆகும், அதுக்குள்ள உதவாதுன்னு ஒதுக்கிடாதீங்க ப்ளீஸ்.