ஜெர்மன் காம இலக்கியமும் தணிக்கையும்: கேள்வி பதில்

தொடங்கலாம். ஜெர்மன் மொழியில் எழுதப்பட்ட காம இலக்கியம், அதன்மேல் விழுந்த தடைகள், இவ்வளவுதான் என் எல்லை. பிடிஎஃப் கேட்காதீர்கள். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், எப்படியும் பலமுறை சொல்ல வேண்டிவரும்: இந்த வகை நூல்களின் முகப்புப் பக்கத்தை நம்பாதீர்கள். ஊர், ஆண்டு, பதிப்பகம் மூன்றுமே பொய்யாக இருக்கலாம். 'கொலோன், பியேர் மார்த்தோ' என்று போட்டுப் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து எத்தனையோ நூல்கள் வந்தன. அப்படி ஒரு பதிப்பாளர் கொலோனில் இருந்ததே இல்லை.

தேனிக்காரன்: சார், அங்கே தணிக்கை எப்போது ஆரம்பித்தது?

அச்சு வந்த சூட்டோடு. 1485இல் மைன்ஸ் பேராயர் ஆணை போட்டுவிட்டார். அவர் கவலை மதம், காமம் அல்ல. வியன்னாவில் மரியா தெரேசா 1751இல் தணிக்கை ஆணையம் அமைத்தார். அது தடைசெய்த நூல்களைப் பட்டியலாக அச்சிட்டது. எதைத் தேடிப் படிக்கலாம் என்று பார்க்க ஆட்கள் அந்தப் பட்டியலையே வாங்க ஆரம்பித்தார்கள். கடைசியில் 1777இல் பட்டியலையும் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள்!

எனக்கு முக்கியமாகப் படுவது ஜெர்மன் அரசுகள் சேர்ந்து போட்ட 1819இன் கார்ல்ஸ்பாட் தீர்மானங்கள். 20 ஃபாரத்தைத் தாண்டாத எதையும் அச்சுக்கு முன்பே அதிகாரியிடம் காட்ட வேண்டும். ஃபாரத்துக்கு 16 பக்கம், ஆக 320 பக்கம். அதற்கு மேல் போனால் முன்தணிக்கை கிடையாது. கனத்த புத்தகம் விலை அதிகம், சாமானியன் வாங்கமாட்டான், ஆபத்தில்லை என்பது கணக்கு. அரசியல் எழுத்துக்குப் பயந்து போட்ட சட்டம்தான் இது. ஆனால் காம நூல்கள் விஷயத்திலும் பின்னால் நூறு வருஷத்துக்கு மேல் இதே புத்திதான் ஓடியது. என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட யார் கைக்குப் போகும் என்றுதான் பார்த்தார்கள்.

வாசுகி: கதேகூட இப்படி எழுதியிருக்கிறார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அவருடைய 'ரோமானிய எலிஜிகள்' என்ற காதல் கவிதைகள் மொத்தம் 24. அவர் நண்பர், கவிஞர் ஷில்லர் நடத்திய இதழில் 1795இல் வந்தவை 20. மிச்சம் நான்கையும் எந்த அதிகாரியும் பறிக்கவில்லை, வெளியே விடாமல் வைத்துக்கொண்டவர் கதேதான். அந்த இருபதுக்கே கதே வாழ்ந்த வைமார் ஊரில் முகம் சுளித்தார்கள்.

மழைக்காலம்: பிடிஎஃப் லிங்க் இருந்தால் போடுங்க சார்.

முதல் பத்தி.

சிங்கை அன்பு: பழைய ஜெர்மன் மருத்துவ நூல்களில் முக்கியமான இடம் வந்ததும் லத்தீனுக்குத் தாவுகிறார்களே, ஏன்?

நல்ல கேள்வி. மனநல மருத்துவர் கிராஃப்ட்-எபிங்கின் 'சைக்கோபதியா செக்சுவாலிஸ்' 1886இல் வந்தது. தலைப்பே லத்தீன், உள்ளே கூச்சமான இடங்களும் லத்தீன். மருத்துவரும் வக்கீலும் படிக்கட்டும், அவர்கள் வீட்டு வேலைக்காரர் படிக்க வேண்டாம் என்பதுதான் நோக்கம். பலிக்கவில்லை, பதிப்புமேல் பதிப்பாக விற்றது. நம் வாத்ஸ்யாயனருக்கும் இதே மரியாதை நடந்தது. சமஸ்கிருத அறிஞர் ரிச்சர்ட் ஷ்மிட் 1897இல் காமசூத்திரத்தை ஜெர்மனில் கொண்டுவந்தபோது சங்கடமான பகுதிகளை லத்தீனில்தான் தந்தார்.

நூலக எலி: 'பாம்பி' மான்குட்டிக் கதை எழுதியவர்தான் வியன்னாவின் அந்தப் பிரபல ஆபாச நாவலையும் எழுதினாராமே?

'யோசஃபீனே முட்ஸன்பாகர்'. 1906இல் வியன்னாவில் பெயரில்லாமல் வந்தது. 'பாம்பி' எழுதிய ஃபீலிக்ஸ் சால்டன் எழுதியது என்று ஊரே சொன்னது, பல ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். கையெழுத்துப் பிரதி கிடைத்ததில்லை, அவர் ஒப்புக்கொண்டதும் இல்லை. அவ்வளவுதான் ஆதாரம். முகப்புப் பக்கத்துக்குச் சொன்னது ஊர்ப் பேச்சுக்கும் பொருந்தும்.

அந்த நூலில் குழந்தைகள் வருகிறார்கள். உள்ளே என்ன என்று நான் சொல்லப்போவதில்லை, சட்ட வரலாறு மட்டும். மேற்கு ஜெர்மனியின் இளைஞர் பாதுகாப்பு வாரியம் இதை இளையோர் கைக்குப் போகக் கூடாத நூல்களின் பட்டியலில் வைத்தது, பதிப்பகம் வழக்குப் போட்டது. 1990 நவம்பர் 27இல் அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது: ஒரு நூல் ஆபாசமானது என்பதாலேயே அது கலை இல்லை என்று ஆகிவிடாது, கலைச் சுதந்திரத்தையும் இளையோர் பாதுகாப்பையும் எடைபோட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். வாரியம் எடைபோட்டது, 1992இல் மறுபடி பட்டியலில் சேர்த்தது. 2017இல்தான் நீக்கினார்கள்.

கும்பகோணம் ராஜி: ஷ்னிட்ஸ்லரின் 'ரைகன்' நாடகத்துக்கு ஏன் அவ்வளவு கலவரம்? படித்தேன், ஒன்றுமே இல்லையே சார்.

ஒன்றுமே இல்லைதான் அம்மா. ஷ்னிட்ஸ்லர் வியன்னா எழுத்தாளர். நாடகம் பத்துக் காட்சி. விலைமகளும் சிப்பாயும், சிப்பாயும் வேலைக்காரியும் என்று கைமாறிக்கொண்டே போய், கடைசியில் பிரபு ஒருவர் அதே விலைமகளிடம் வந்து நிற்கிறார். நடக்க வேண்டியது நடக்கும் இடத்தில் வெறும் கோடுகள்தான் அச்சில் இருக்கும். பிரபுவையும் சிப்பாயையும் ஒரே சங்கிலியில் கட்டியதைத்தான் பொறுக்க முடியவில்லை என்பது என் எண்ணம்.

எழுதியது 1896-97. 1900இல் தன் செலவில் 200 பிரதி போட்டு நண்பர்களுக்குக் கொடுத்தார், ஒருவருக்கும் நோகவில்லை. 1903இல் வியன்னாவில் கடைக்கு வந்தது, மறு ஆண்டே ஜெர்மனியில் தடை. 1920 டிசம்பர் 23 பெர்லினில் மேடையேறியது. 1921 பிப்ரவரியில் வியன்னாவில் கும்பல் அரங்குக்குள் புகுந்து அடித்து நொறுக்கியது. ஷ்னிட்ஸ்லர் யூதர், கூச்சல் முழுக்க அதைச் சுற்றித்தான். அந்த ஆண்டு நவம்பரில் பெர்லின் வழக்கில் இயக்குநர்கள், நடிகர்கள் அனைவருக்கும் விடுதலை. அதன் பிறகு ஷ்னிட்ஸ்லரே இனி மேடையேற்ற அனுமதி இல்லை என்று நிறுத்திவிட்டார். அது 1982 ஜனவரி 1 வரை நீடித்தது.

தேனிக்காரன்: ஜெயித்த பிறகு எழுதினவரே நிறுத்தினால் அதைத் தணிக்கைக் கணக்கில் சேர்க்கலாமா? அது அவர் உரிமை.

கேள்வியே தவறு என்கிறேன். அரங்குக்குள் நாற்றக் குண்டு வீசுகிறார்கள், பார்க்க வந்தவர்களை அடிக்கிறார்கள், ஆசிரியரை இனம் சொல்லித் திட்டுகிறார்கள். அதன் பிறகு அவர் 'வேண்டாம்' என்றால் அது விருப்பமா?

தேனிக்காரன்: அப்போ 1945க்குப் பிறகு? நாஜிகளும் போயாச்சு. ஷ்னிட்ஸ்லர் போன பிறகு அவர் மகன் ஏன் விடவில்லை?

அங்கே உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. மகன் ஹைன்ரிஷ் நாடக இயக்குநர், நாடகத்தின் மதிப்புத் தெரியாதவர் அல்ல. அப்பா சொன்னதை மீற மனமில்லை. 1950இல் பிரான்சில் மாக்ஸ் ஓபுல்ஸ் இதைப் படமாக எடுத்தார், அதற்குத் தடை இல்லை. மேடைக்கு மட்டும்தான் பூட்டு.

கும்பகோணம் ராஜி: அண்ணா, கலவரக்காரன் ஆரம்பித்ததைக் குடும்பம் அறுபது வருஷம் நடத்திக் கொடுத்திருக்கிறது. தணிக்கை இல்லையா இது?

தேனிக்காரன்: அப்படிப் பார்த்தால் கதே நாலு கவிதையை ஒதுக்கியதும் தணிக்கைதான்!

இல்லை. கதேவை யாரும் அடிக்க வரவில்லை. இருவரும் இதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரிசை நிற்கிறது.

புதுவாசகன்: பாம்பி எழுதியவர்தானே...

மேலே பாருங்கள்.

சேலம் மணி: என்னிடம் இருக்கும் ஜெர்மன் பிரதியில் 'பாஸ்டன்' என்று போட்டிருக்கிறது. அமெரிக்கப் பதிப்பா சார்?

முகப்புப் பக்கம். முதல் பத்தி. தாளையும் எழுத்துருவையும் பாருங்கள், ஊர்ப் பெயரைப் பார்க்காதீர்கள்.

மதுரைக்காரி: நாஜிகள் எரித்தது காம நூல்களையா?

எழுத்தாளர்கள், மார்க்சியர்கள், யூதர்கள் என்று பெரிய பட்டியல். உங்கள் கேள்விக்கு நெருக்கமானது பெர்லினில் மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டின் பாலியல் ஆய்வு நிறுவனம். 1933 மே 6இல் சூறையாடினார்கள், மே 10இல் அதன் நூல்களையும் நெருப்பில் போட்டார்கள். அது ஆய்வு நூலகம், கிளுகிளுப்புக் கடை அல்ல.

சட்டம் படிப்பவன்: நம் ஊர் ஆபாசச் சட்டத்தோடு ஒப்பிட முடியுமா?

வக்கீல்களைக் கேளுங்கள்.

ஜெயந்தன்: மான்குட்டி...

மேலே.

வாசுகி: கடைசியாக ஒன்று. இப்போது ஜெர்மனியில் தணிக்கையே இல்லைதானே?

சாசனத்தின் 5ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நடைமுறை வேறு. 1953 சட்டப்படி இளைஞர் பாதுகாப்பு வாரியம் வந்தது. அதன் பட்டியலில் ஒரு நூல் ஏறினால் விளம்பரம் கூடாது, வயதைச் சரிபார்க்காமல் தபாலில் விற்கக் கூடாது, கடையில் பார்வையில் வைக்கக் கூடாது. பெரியவர்கள் கேட்டு வாங்கலாம். பழைய 20 ஃபாரப் புத்தி இதிலும் தெரிகிறதா? ஜெர்மன் எழுத்தாளர் குந்தர் கிராஸின் 'பூனையும் எலியும்' நாவலையே 1962இல் பட்டியலில் ஏற்றக் கேட்டார்கள், எதிர்ப்பு வந்ததும் மனுவை வாபஸ் வாங்கினார்கள். 1969இல் 'ஃபேனி ஹில்' என்ற பழைய ஆங்கிலக் காம நாவலின் வழக்கில் நூலுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது, 1973இல் சட்டமே தளர்ந்தது.

முழுத் தடை இன்றும் உண்டு, காரணம்தான் மாறிவிட்டது. ஜெர்மன் எழுத்தாளர் மாக்சிம் பில்லரின் 'எஸ்ரா' நாவலில் தன் அந்தரங்கம் இருக்கிறது என்று முன்னாள் காதலி வழக்குப் போட்டார். 2007இல் அரசியல் சாசன நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது, புத்தகம் கடைக்குத் திரும்பவில்லை. எட்டு நீதிபதிகளில் மூன்று பேர் மாற்றுத் தீர்ப்பு எழுதினார்கள். அந்த மூன்று பேர் பக்கம் நான். தேனிக்காரர் சண்டைக்கு வருவார் என்று தெரியும், அதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.