பதவிப்பிரமாணமும் கடமைப் பொறுப்பேற்பும் ஒன்றா?
அமைச்சர் ஒருவர் பதவிப்பிரமாணம் செய்துகொண்டதாக வந்த செய்திக்குச் சில நாட்களின் பின் அவரே ‘கடமைகளைப் பொறுப்பேற்றார்’ என்றும் வருவதன் காரணத்தைக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேறு.

பதவிப்பிரமாணம் சட்டத் தேவையாகும். இலங்கை அரசியலமைப்பின் நான்காம் அட்டவணையிலுள்ள வாசகத்தைச் சொல்லி ஒப்பமிடாமல் எவரும் கடமையில் இறங்க முடியாது என்பதால், 2024 செப்டம்பர் 23 அன்று கொழும்பிலுள்ள ஜனாதிபதி செயலகத்தில் அநுர குமார திசாநாயக்கவும் பிரதம நீதியரசர் முன்னிலையில் அதைச் செய்தே ஜனாதிபதியானார். சத்தியம் செய்ய விரும்பாதவர் உறுதியுரை செய்யலாம். பேச்சு வழக்கில் இரண்டையுமே சத்தியப்பிரமாணம் என்றுவிடுகிறோம்.

பொறுப்பேற்பு வெறும் வழக்கமே. சுபவேளை பார்த்து, மதகுருமார் ஆசி வழங்க, அமைச்சின் நாற்காலியில் அமர்ந்து முதல் ஆவணத்தில் கையெழுத்திடுவார்கள் (பெரும்பாலும் புகைப்படக்காரர்களுக்காகத்தான்). தமிழகப் பத்திரிகைகள் ‘பதவியேற்பு விழா’ என்பது பிரமாணம் செய்யும் நிகழ்வையே.