கூட்டரசு நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்றுக்கொண்டால் ஜெயித்த மாதிரிதானா?

இல்லை. கூட்டரசு நீதிமன்றம் என்பது புத்ராஜெயாவில் இருக்கும், மலேசியாவின் மிக உயர்ந்த நீதிமன்றம். போன வாரம் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் ஒரு மாமா, "புத்ராஜெயாவுலயே கேஸ எடுத்துக்கிட்டாங்க, இனி நம்ம பக்கம்தான்" என்று ரசத்தைச் சோற்றில் ஊற்றிக்கொண்டே சொன்னார். பாவம், அவருக்குக் கிடைத்தது உள்ளே வர அனுமதி மட்டும்தான்.

சிவில் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றவர், ஒரு மாதத்துக்குள் கூட்டரசு நீதிமன்றத்திடம் முதலில் அனுமதி கேட்க வேண்டும். "எனக்கு அநியாயம் நடந்துவிட்டது" என்று அழுதால் போதாது. இதுவரை முடிவாகாத பொதுவான சட்டக் கேள்வி ஒன்றோ, தெளிவு கிடைத்தால் பொதுமக்களுக்கும் பயன்படக்கூடிய முக்கியமான கேள்வி ஒன்றோ இதில் இருக்கிறது என்று காட்ட வேண்டும் என்கிறது 1964ஆம் ஆண்டு நீதிமன்றச் சட்டத்தின் 96ஆம் பிரிவு. (கிரிமினல் வழக்குக்கு வேறு கணக்கு.)

அனுமதி கிடைத்த பிறகுதான் உண்மையான மேல்முறையீடே ஆரம்பம்: ஆவணக் கட்டு, எழுத்துபூர்வ வாதம், அப்புறம் விசாரணை. சாட்சிகளை மறுபடி கூண்டில் ஏற்ற மாட்டார்கள், பெரும்பாலும் அந்தச் சட்டக் கேள்விகளைச் சுற்றியேதான் வாதம் ஓடும்.

பலர் கோட்டை விடுவது இன்னொரு இடத்தில். மேல்முறையீடு செய்துவிட்டதாலேயே கீழ்த் தீர்ப்பு நின்றுவிடாது. பணம் கட்டச் சொல்லியிருந்தால் எதிர்த்தரப்பு வசூலில் இறங்கலாம். அதை நிறுத்தத் தனியாக 'ஸ்டே' (தீர்ப்பை நிறுத்திவைக்கும் உத்தரவு) கேட்க வேண்டும். மாமா கேட்டாரா என்று விசாரித்தேன், வக்கீலுக்குப் போன் போடப் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.