பேட்டரி வாங்குவதற்கு முன் பழுதைத் தேடுங்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது 2018இல் தயாரான 150 சிசி மோட்டார் சைக்கிள். 2022இல் ஒரு தரகர் மூலம் பழையதாக வாங்கினேன். ஒன்றரை ஆண்டில் இரண்டு புதுப் பேட்டரி போட்டாகிவிட்டது. இப்போது இருப்பதும் வண்டியை இரண்டு நாள் நிறுத்திவைத்தால் செல்ஃப் எடுப்பதில்லை. ஹேண்டிலை இடது பக்கம் முழுவதும் ஒடிக்கும்போது சில நேரம் ஃபியூஸ் போய், ஹாரனும் இண்டிகேட்டரும் நின்றுவிடுகின்றன. வயரிங் கிட்டை, அதாவது வண்டி முழுவதும் ஓடும் வயர்க்கட்டை, மொத்தமாக மாற்றினால்தான் தீரும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா? (வாசகர், குடியாத்தம்)

பதில்: மாற்ற வேண்டாம். கீழே சொல்லும் சோதனைகள் முடியும்வரை வயரிங் கிட்டுக்கோ மூன்றாவது பேட்டரிக்கோ ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

உங்கள் வண்டியில் இருப்பது ஒரு பழுதல்ல, இரண்டு. ஃபியூஸ் போவது ஒன்று, பேட்டரி இறங்குவது வேறொன்று. ஃபியூஸ் போவதால் பேட்டரி சாகாது. இரண்டையும் ஒன்றாகக் கட்டி “வயரிங் போய்விட்டது” என்று சொல்வது, தேடாமல் தப்பிக்கும் வழி. மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வயரைத் தேடினால் அதற்குக் கூலி கொடுக்க நம்மில் யாரும் தயாராக இல்லை, “என்ன பொருள் போட்டாய்?” என்றுதான் கேட்கிறோம். பொருள் போட்டால்தான் காசு என்றால் அவர் பொருளைத்தான் போடுவார். எனவே முதல் வேலையாக, தேடுவதற்கு மட்டும் தனிக் கூலி தருகிறேன் என்று அவரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

ஃபியூஸ் கதை எளிது. பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஹேண்டிலை இடது பக்கம் ஒடித்தால் போகிறது என்றால், ஹேண்டிலிலிருந்து வரும் வயர்க்கட்டு கழுத்துப் பகுதியில் வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிஸோடு உரசித் தோல் தேய்ந்திருக்க வேண்டும். பின் பிரேக்கை மிதிக்கும்போது போயிருந்தால் பிரேக் சுவிட்சிலிருந்து டெயில் லைட் வரை பார்க்கச் சொல்லியிருப்பேன். பள்ளத்தில் இறங்கும்போது போயிருந்தால் சீட்டுக்கு அடியில்.

இடத்தைக் கண்டுபிடிக்க ஃபியூஸ் ஃபியூஸாக வாங்கி எரிக்க வேண்டியதில்லை. போன ஃபியூஸை எடுத்துவிட்டு, அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு பழைய 35 வாட் ஹெட்லைட் பல்பை வயர் வைத்து இணைக்கச் சொல்லுங்கள். சாவியைப் போட்டால் பல்பு மங்கலாக எரியலாம், எரியாமலும் இருக்கலாம். இப்போது ஹேண்டிலை மெல்ல இடது பக்கம் ஒடியுங்கள். பல்பு திடீரென்று முழு வெளிச்சத்தில் எரிந்தால் அந்த நொடியில் வயரின் செம்பு சேஸிஸைத் தொடுகிறது. வயர்க்கட்டைக் கையால் சிறிது சிறிதாக அசைத்துக்கொண்டே வந்தால், எந்த அங்குலத்தில் தொடுகிறது என்பது தெரிந்துவிடும். பல்பு மூன்று ஆம்பியருக்கு மேல் போகவிடாது. அதனால் வயர் எரியாது. பல்பு சூடாகும், பெட்ரோல் டேங்கைக் கழற்றி எட்ட வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யவிடாதீர்கள். ஃபியூஸ் இருக்கும் இடத்தில் செம்பு இழையைச் சுற்றுவது, சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளை மடித்து வைப்பது, சிவப்பு நிற 10 ஆம்பியர் ஃபியூஸ் போனதும் மஞ்சள் நிற 20 ஆம்பியரைச் செருகுவது, மூன்றும் ஒரே குற்றம்தான். ஃபியூஸ் போவது வண்டி உங்களைக் காப்பாற்றுகிறது என்பதற்கு அடையாளம். அந்தக் காவலை எடுத்துவிட்டால் அடுத்து உருகுவது டேங்குக்கு அடியில் ஓடும் வயர்க்கட்டு. அதன்பின் வயரிங் கிட் மாற்றுவது உண்மையிலேயே கட்டாயமாகிவிடும்.

இனி பேட்டரி. சில நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து, இரவு முழுவதும் சும்மா விட்டு, காலையில் முனைகளில் அளந்தால் 12.6 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல் இருக்க வேண்டும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஆக்சிலரேட்டரை நடுத்தரமாக முறுக்கி அளவெடுங்கள். 13.5க்கும் 14.5க்கும் இடையில் நின்றால் சார்ஜிங் சரி. 13ஐத் தாண்டாவிட்டால் எஞ்சினுக்குள் கரன்ட் எடுக்கும் காயிலிலிருந்து ஆர்.ஆர். யூனிட்டுக்கு (அந்தக் கரன்ட்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) போகும் வயர்களின் இணைப்பான கப்ளரை முதலில் பிரித்துப் பாருங்கள். பல வண்டிகளில் மூன்று மஞ்சள் வயர்கள் சேரும் அந்த இடம்தான் கருகியிருக்கும். 15ஐத் தாண்டினால் ஆர்.ஆர். யூனிட் கெட்டுவிட்டது, பேட்டரியை அதுவே கொதிக்க வைத்துக் கொல்கிறது.

ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கு சார்ஜிங் மேல் சந்தேகமில்லை. ஓடும்போது குறையில்லை, இரண்டு நாள் நின்றால்தான் இறங்குகிறது. அப்படியென்றால் சாவியை எடுத்த பிறகும் எதுவோ கரன்ட்டைக் குடித்துக்கொண்டிருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் பேட்டரி முனைக்கும் இடையில் மீட்டரை ஆம்பியர் அளவில் வையுங்கள். மீட்டர் அங்கே இருக்கும்போது சாவியையோ செல்ஃபையோ தொடக் கூடாது. எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் இல்லாத வண்டியில் சில மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டாது. 100 மில்லி ஆம்பியர் காட்டினால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர்-மணி. பேட்டரி 5 ஆம்பியர்-மணி என்றால் இரண்டாம் நாள் முடிவில் அதில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. நீங்கள் சொல்லும் இரண்டு நாள் இதுவாகத்தான் இருக்கும்.

குற்றவாளியைப் பிடிக்க, முந்தைய உரிமையாளர் மாட்டியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். அலாரம் லாக், மொபைல் சார்ஜர், இரட்டை ஹாரனின் ரிலே. எதைக் கழற்றியதும் மீட்டர் இறங்குகிறதோ அதுதான். எல்லாம் கழற்றியும் இறங்காவிட்டால் ஆர்.ஆர். யூனிட்டின் கப்ளரை உருவிப் பாருங்கள்; உள்ளே கரன்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு கசிந்தால் எஞ்சின் நின்றிருக்கும்போதும் கரன்ட் பின்னோக்கிப் போகும். இதைப் பலர் பார்ப்பதே இல்லை.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, வண்டி நிற்கிறதா பார்க்கலாம் என்று யாராவது கை வைத்தால் தடுத்துவிடுங்கள். பேட்டரி இல்லாமல் ஓடும் நொடியில் மின்னழுத்தம் எகிறி, ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் சி.டி.ஐ. யூனிட் போய்விடலாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவே போய்விடலாம். அதன் விலையில் பல பேட்டரி வாங்கலாம்.

கிட்டை மாற்றாதீர்கள் என்றேன். அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. நீங்கள் குடியாத்தத்துக்காரர், 2022இல் தரகரிடம் வாங்கியவர் என்பதால் அதை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். 2021 நவம்பரில் பாலாற்றிலும் கௌண்டின்ய ஆற்றிலும் வெள்ளம் வந்தது உங்களுக்கே தெரியும். தண்ணீரில் மூழ்கிய வண்டியை எஞ்சின் ஆயில் மாற்றி, கழுவி, பாலிஷ் போட்டு விற்றுவிடலாம், வாங்குபவருக்குத் தெரியாது. ஆர்.சி.யில் நீங்கள் எத்தனையாவது உரிமையாளர் என்பது இருக்கும், மூழ்கிய விவரம் இருக்காது. அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று இத்தனை ஆண்டுகளில் யாருக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு ஆறாத கோபம். மழையில் நனைவது வேறு, மூழ்குவது வேறு. மூழ்கினால் தண்ணீர் வயரின் முனை வழியே உள்ளே ஏறும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல. பிளாஸ்டிக் தோலுக்குள் செம்பு பச்சைக் களிம்பு பிடித்துக் கருத்துப்போகும். வெளியே பார்த்தால் புது வயர், உள்ளே பொடி. அப்படிப்பட்ட வண்டியில் ஒரு இடத்தைச் சரிசெய்தால் அடுத்த மாதம் வேறு இடத்தில் வரும்.

சோதனை இதுதான். ஹெட்லைட் கிண்ணத்துக்குள்ளும் டேங்குக்கு அடியிலும் காய்ந்த வண்டல் படிந்திருக்கிறதா பாருங்கள். பிறகு சைடு ஸ்டாண்டுக்கு அருகே கீழே ஓடும் ஒரு வயர், சீட்டுக்கு அடியில் ஒன்று, ஹெட்லைட் அருகே ஒன்று என மூன்று இடங்களில் தோலைச் சிறிது சீவிப் பார்க்கச் சொல்லுங்கள். செம்பு பளபளப்பாக இருந்தால் கவலை இல்லை; சீவிய இடத்தை மூடிவிடுங்கள். முனையில் மட்டும் கறுப்பு என்றால் அந்த முனையை வெட்டிவிட்டு, கப்ளரில் செருகும் உலோகப் பின்னைப் புதிதாகப் போட்டால் போதும். மூன்று இடத்திலும் கறுப்பு, பச்சை என்றால் மெக்கானிக் சொன்னது சரி, கிட்டை மாற்றுங்கள். ஆனால் அதே மாடல், அதே ஆண்டுக்குரிய பாகத்தின் எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பாதி விலைக்குக் கிடைக்கும் போலிக் கிட்டில் செம்பு மெலிந்திருக்கும். நீங்கள் மறுபடியும் எனக்கு எழுத வேண்டிவரும்.

பேட்டரிக் கடைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆசிட் ஊற்றும் வகையை வாங்கினால், ஊற்றிய பிறகு சில மணி நேரம் சார்ஜரில் வைத்த பின்பே வண்டியில் மாட்ட வேண்டும். பத்து நிமிடத்தில் ஊற்றி மாட்டி அனுப்பும் கடையில் வாங்கிய பேட்டரி ஒருநாளும் முழுத் திறனுக்கு வராது. வேலூர்ப் பக்கத்துக் கத்திரி வெயிலில் அதன் தண்ணீரும் சீக்கிரம் வற்றும். பில்லிலும் வாரண்டி அட்டையிலும் தேதி, பேட்டரி எண், முத்திரை மூன்றும் இருக்கின்றனவா என்று கடை வாசலிலேயே பாருங்கள். வாரண்டிக்குப் போனால் “உங்கள் வண்டியின் சார்ஜிங் கோளாறு” என்று திருப்பி அனுப்புவார்கள். நீங்கள் எடுத்த வோல்ட் அளவுகளைத் தேதியோடு எழுதி வைத்திருந்தால் அந்தப் பேச்சு நிற்கும். நிற்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யுங்கள்.

இவ்வளவும் ஒரு வயரிங் வரைபடம் கையில் இருந்தால் அரை மணி நேர வேலை. கம்பெனிகள் அதைத் தங்கள் டீலர்களோடு நிறுத்திக்கொள்கின்றன. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளமே தொடங்கியது, வாகனத் துறையும் அதில் அடக்கம். ஆனாலும் காட்பாடிச் சாலையோரப் பட்டறையில் ஒரு வரைபடத்தையும் நான் பார்த்ததில்லை. நல்ல கைக்காரர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள்.

கழுத்துப் பகுதியில் தேய்ந்த வயரைக் கண்டுபிடித்ததும், கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி முடித்துவிட விடாதீர்கள். நம் ஊர் வெயிலில் அதன் பசை உருகி, மழைக்கு முன்பே டேப் அவிழும். சூடுபட்டால் சுருங்கும் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். இணைப்பு, வயர் வளையும் இடத்தில் வராமல் சற்றுத் தள்ளி இருக்கட்டும். சேஸிஸில் உரசும் இடத்தில் ஒரு ரப்பர் குழாய்த் துண்டை மேலே செருக வேண்டும். ஹேண்டிலை இருபுறமும் முழுவதும் ஒடித்து, வயர் எங்கும் இழுபடவில்லை என்று நீங்களே பார்த்த பிறகு டேங்கை மாட்டச் சொல்லுங்கள்.