வேன் செட்டுக்குள் குழி வெட்டலாமா?

கேள்வி: சென்னையை ஒட்டிய முடிச்சூரில் சொந்த வீடு. பின்பக்கம் 22க்கு 40 அடி இடம் காலி. என்னிடம் இருப்பது டிராவலர் வேன்: நீளம் 20 அடி, கேரியரோடு உயரம் 10 அடி. ஆயில், பிரேக், சின்னச் சின்ன வெல்டிங் எல்லாம் நானே பார்ப்பேன். அடியில் இறங்கி வேலை செய்யக் குழியோடு ஒரு செட் போட ஆசை. எந்த அளவில் போடலாம்?

பதில்: முதலில் குழியை மறந்துவிடுங்கள். 2015 வெள்ளத்தில் முடிச்சூர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. வெள்ளமே வராத வருஷத்திலும் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே ஏறி, குழியின் சுவரிலும் தரையிலும் கசியும். கசியாதபடி கான்கிரீட்டில் கட்டினால் வேறு வம்பு: காலியான சம்ப்பை (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியை) மழைக்காலத்தில் நீர் அடியிலிருந்து தூக்கிவிடுகிற மாதிரி, குழியையும் தூக்கப் பார்க்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. பள்ளத்தில்தான் போய்த் தங்கும். பக்கத்தில் வெல்டிங் தீப்பொறி வேறு. எனக்கும் ஒரு குழி இருந்தது. இரண்டு மழைக்காலம் தவளைகளோடு சேர்ந்து தண்ணீர் இறைத்துவிட்டு, மணல் கொட்டி மூடினேன்.

பதிலுக்கு, தூக்கிய வண்டியை நிறுத்திவைக்க, அதன் எடையைத் தாங்கும் ஜாக்கி ஸ்டாண்ட் நான்கும், படுத்து நகரச் சக்கரம் வைத்த பலகையும் வாங்குங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள்.

இப்போது அளவு. 16க்கு 30 அடி போதும். வேனின் இருபக்கமும் ஆள் உட்கார்ந்து சக்கரம் கழற்றலாம், முன்னால் மேஜை போடலாம். ஷட்டர் திறந்தால் 12 அடி உயரம் கிடைக்க வேண்டும். சுருண்ட ஷட்டருக்கு மேலே இன்னும் ஒன்றரை அடி தேவை, ஆகவே பக்கச் சுவர் 14 அடி. அதற்கு முன்னால், வேன் பின்பக்கம் வரப்போகும் சந்தின் அகலம், உயரம் இரண்டையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். அகலம் சரியாக இருக்கும்; ஏழடி உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடு கேரியரைப் பிடிக்கும். செட் கட்டி முடித்த பிறகு இதைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு.

செலவைத் தரையில் போடுங்கள். ஜாக்கி ஸ்டாண்டின் கால் உள்ளங்கை அளவுதான். ஒரு டன்னுக்குப் பக்கமான எடை அதன் வழியே இறங்கும். கிராவல் கொட்டி நன்றாக இடித்து, 8 எம்எம் கம்பியை 8 அங்குல இடைவெளியில் கட்டி, 6 அங்குலக் கனத்தில் எம்25 என்ற வலிமைத் தரத்தில் கான்கிரீட். ஷட்டர் பக்கம் 10 அடிக்கு ஓர் அங்குலம் வாட்டம். ஒரு வாரம் தண்ணீர் கட்டுங்கள். 28 நாள் கழித்து வேனை ஏற்றுங்கள்.

தரையை எவ்வளவு உயர்த்துவது? 1க்கு 8 என்ற சரிவில் இரண்டடி உயர்த்தினால் 16 அடி ரேம்ப் வேண்டும். 30 அடி செட்டோடு சேர்த்தால் உங்கள் 40 அடி இடத்தில் அது அடங்காது. ஓர் அடி உயர்த்துங்கள், அது போதும். 2015இல் சுவரில் தண்ணீர் நின்ற கறை நினைவிருக்கிறதா? பிளக், சுவிட்ச் போர்டு, கம்ப்ரசர் எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கட்டும். தனி எர்த், மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம்.

கூரைக்கு ஷீட் சரிதான். ஆனால் சென்னைக்குக் கட்டட விதிநூல் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். ஷட்டர் திறந்திருந்தால் காற்று உள்ளே புகுந்து ஷீட்டைக் கீழிருந்து தள்ளும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். தூணின் அஸ்திவாரம் பாரத்தைத் தாங்கினால் மட்டும் போதாது, கூரை மேலே பறக்காமல் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். இதை மேஸ்திரியிடம் விடாமல் பொறியாளரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள். வீட்டைச் சுற்றி விட வேண்டிய இடைவெளி, அனுமதி வேலைகளையும் அவரே பார்ப்பார்.

கடைசியாக ஒன்று. கூரைத் தண்ணீரை மழைநீர்த் தொட்டிக்கு விடுங்கள், தரை கழுவிய தண்ணீர் மட்டும் அந்தப் பக்கம் போகவே கூடாது. எண்ணெய் நிலத்துக்குள் இறங்கினால் முதலில் கெடுவது உங்கள் போர்வெல்தான். வடித்த ஆயிலை மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுக்க உரிமம் உள்ளவர்களிடம் கொடுங்கள்.