அண்ணன் சொல்றாரெண்டு வெள்ளவத்தையில தொடர்மாடி வீடு (பிளட்) வாங்கலாமா?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில டீச்சரா இரிக்கன். கணவர் கட்டார்ல. மகள் ஏஎல் படிக்கா. 80 லட்சம் சேத்து வச்சிரிக்கம். கொழும்பில இரிக்கிற அண்ணன், வெள்ளவத்தையில 1 கோடி 80 லட்சத்துக்கு ஒரு பிளட் இரிக்காம், மிச்ச 1 கோடிக்கு அம்மா எனக்குச் சீதனமாத் தந்த வீட்ட பேங்க்ல ஈடு வைக்கட்டாம், மாசம் 90 ஆயிரம் வாடகைய தானே எடுத்து அனுப்புறாராம். அண்ணன்ட வேன் லீசிங்குக்கும் நான்தான் கையெழுத்து வச்ச, 4 மாசமா நான்தான் கட்டுறன். என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, வெள்ளவத்த நல்ல இடந்தான், நம்மட ஆக்கள் கொழும்புக்குப் போனா அங்கதான் வீடு தேடுறாங்க, ஆள் கிடைக்கும், வில ஏறவும் கூடும். கடன் இல்லாம வாங்குற ஆளெண்டா நான் இவ்வளவு தடுக்க மாட்டன்.

ஆனா கணக்கப் பாருங்க. 90 ஆயிரத்தில மெயின்டனன்ஸ் 12 ஆயிரம் எண்டு வைங்க, வருசத்தில ஒரு மாசம் ஆளில்லாம கிடக்கும், பெயின்ட், பைப், புரோக்கர் எல்லாம் போக கைக்கு 65 ஆயிரம் வந்தாப் பெரிய காரியம். 1 கோடி கடனுக்கு 12 வீதம், 15 வருசம் எண்டா மாசத் தவண 1 லட்சத்து 20 ஆயிரம், முதல் மாச வட்டியே 1 லட்சம், அப்ப வாடக முழுசா வந்தாலும் வட்டிக்கே காணாது, மாசம் 55 ஆயிரம் உங்கட சம்பளத்திலதான் போகும். முத்திரை வரி மட்டும் 7 லட்சத்துக்கு மேல, நொத்தாரிசு காசு வேற. இதே 80 லட்சத்த 8 வீதத்துக்கு பேங்க்ல பிக்ஸ்ட் டெபாசிட்ல போட்டா 10 வீத வரி வெட்டியும் மாசம் 48 ஆயிரம் கிட்ட வரும்.

வட்டி இப்பிடியே நிக்கும் எண்டும் நினைக்காதீங்க. 2022 ஏப்ரல்ல மத்திய வங்கி ஒரே நாள்ல 7 வீதம் ஏத்தினது. உங்கட கடன் மாறுற வட்டியா இரிந்து 19 வீதத்துக்குப் போனா தவண 1 லட்சத்து 68 ஆயிரம். கட்டார்ல அவர்ட வேலைக்கு ஒண்டு நடந்தா ஆர் கட்டுற?

எனக்குப் பயம் பிளட்டில இல்ல, உங்கட கையெழுத்தில. வேன்ல 4 மாசம் கட்டாத ஆள்ட கையில வாடகையக் குடுத்திட்டு, ராவு பஸ் ஏறி 300 கிலோமீட்டருக்கு மேல போய், கூடப்பிறந்தவரிட்டயே கணக்குக் கேப்பீங்களா? கேக்க மாட்டீங்க, வேனுக்கும் நீங்க கேக்கல்லயே. அம்மா தந்த வீடு நாளைக்கு மகளுக்குப் போக வேண்டியது, அந்த வீட்டு உறுதிப் பத்திரம் பேங்குக்குப் போகவே கூடாது.

ஏர்பிஎன்பில போட்டு வெளிநாட்டு ஆக்களுக்கு நாள் வாடகைக்கு விட்டா டொலர் வரும், பிளட்ட கட்டி முடிக்க முதலே புக் பண்ணினா மலிவு எண்டெல்லாம் அண்ணன் அடுத்த கோல்ல சொல்லுவார், இப்ப கொழும்பில எல்லாரும் விக்கிறது அதத்தான், ஆனா கடனுக்கு அது மருந்தில்ல.

வாடக வருமானந்தான் வேணுமெண்டா வந்தாறுமூல கேம்பஸ் பக்கம் புள்ளைகளுக்கு ரூம் விடுற மாதிரி சின்னதா ஒண்டு கடன் இல்லாமப் பாருங்க, சனிக்கிழம பஸ்ஸில போய் நீங்களே பாத்திட்டு வரலாம். அதுக்கு முதல் லீசிங் கம்பெனிக்குப் போய் வேனுக்கு இன்னும் எவ்வளவு கட்ட இரிக்கெண்டு எழுத்தில வாங்குங்க, வேன வித்து முடிக்கச் சொல்லி அண்ணனுக்கு ஒரு தேதி குடுங்க. அந்தத் தொகைய எனக்கு எழுதுங்க, மிச்சத்த நாம சேந்து பாப்பம்.